முண்டு கொடுக்காமல் அடிக்காதேங்கோ

ஒரு கொட்டர் பின். சுண்டுவிரலை விடச் சின்ன இரும்புத் துண்டு. அதைக் கழற்றத் தெரியாமல் ஒரு நல்ல சைக்கிளின் வயிற்றைக் கலக்கி என் கையில் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஒரு கிழமையாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

சைக்கிள் அப்பப்பாவுடையது. பி.எஸ்.ஏ. அந்தக் கொம்பனி சைக்கிள் பகுதியை 1957இல் ராலிக் கொம்பனிக்கு விற்றது. இது அதற்கு முந்தியது. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கட்டிப் போன சைக்கிள். 1990க்குப் பிறகு போர்க்காலத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி கூட உள்ளே வர விடாத காலத்தில் இதை ஸ்ராண்டில் நிறுத்தி, நான் கையால் பெடலைச் சுற்றச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது. ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் முற்றத்தில் நின்று செய்தி கேட்கும். கை சோர்ந்தால் செய்தியும் சோரும், எல்லோரும் "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பக்கம் போனபோது கரியரில் அரிசி மூட்டை, பாரில் தங்கச்சி, ஹாண்டிலில் கேத்தில். அப்பா தள்ளிக்கொண்டு வந்தார். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தபோதும் வீட்டைத் தாங்கியது இதுதான். அதனால் யாரும் என்னிடம் வந்து "உந்தப் பழசுக்கு ஏன் இவ்வளவு" என்று கேட்க வேண்டாம்.

போன மாதம் இடது பக்கக் கிறாங், அதுதான் பெடலைத் தாங்குகிற தண்டு, ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு உழக்குக்கும் ஒரு 'டக்'. விஷயம் தெரிந்தவனுக்கு அந்தச் சத்தமே போதும், கொட்டர் பின் தேய்ந்துவிட்டது. கிறாங்கையும் அச்சையும் சேர்த்து இறுக்குகிற ஆப்பு அது. ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், மற்ற நுனியில் நட்டு. புதுசு வாங்கிப் போட்டால் முடிந்தது. ஆனால் பழசு கறள் பிடித்து இறுகியிருந்தது. போதாததற்கு யாரோ எப்போதோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். ஐயோ, அந்தத் தேங்காய் எண்ணெய்! தையல் மெசினுக்கும் அதுதான், கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான், சைக்கிள் செயினுக்கும் அதுதான். செம்மண் புழுதியோடு சேர்ந்து அது பிசின் மாதிரி ஒட்டிப் போகும். தலைக்கு வைக்கிறதைத் தலைக்கு மட்டும் வையுங்கோ.

சரி, கடைக்குக் கொண்டு போனேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு நின்ற பெடியன் பின்னைப் பார்த்தான், சுத்தியலை எடுத்தான். இடையில் யோசிக்க ஒரு கணம் கூட எடுக்கவில்லை.

"தம்பி, கிறாங்குக்குக் கீழ ஒரு முண்டு குடுங்கோ, தாங்கிறதுக்கு ஏதும் வையுங்கோ."

"அண்ணை, உது அடிச்சாத்தான் வரும்."

"அடியுங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. முண்டு குடுத்திட்டு அடியுங்கோ."

கேட்டானா? டொக், டொக், டொக் என்று சின்னச் சின்னதாகப் பத்துப் பதினைந்து அடி. நட்டையும் முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் புரியில். பின்னின் நுனி காளான் மாதிரி விரிந்து கிறாங் துளையை விடப் பெருத்துவிட்டது. இனி அது எப்படி அந்தத் துளைக்குள்ளால் போகும்? முதலாளி எட்டிப் பார்த்து, "காஸ் பிடிச்சு வெட்டுவம், கிறாங் புதுசு போடலாம்" என்றார். பல்லுச் சில்லில் பி, எஸ், ஏ என்று எழுத்து வெட்டியிருக்கிற செற் அது. ஒரு பக்கத்தை வெட்டி எறிந்தால் அதற்குச் சோடி எங்கே கிடைக்கும்? ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு ஆத்திரம் பெடியனில் இல்லை. பெருத்த அடி ஒன்று விழ வேண்டிய இடத்தில் சின்ன அடி பதினைந்து விழக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டிப் பார்த்தும் அதைச் சொல்லிக் கொடுக்காத முதலாளியில்தான் ஆத்திரம். முண்டு இல்லாமல் அடித்தால் அடி பின்னுக்குப் போகாது. கிறாங் வழியாக அச்சுக்குப் போய், அச்சிலிருந்து, அதைச் சுற்றியிருக்கிற இரும்பு உருண்டைகளான போல்ஸுக்கும், அவை ஓடுகிற கிண்ணமான கப்புக்கும் போகும். அங்கே பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலப் போல்ஸ் இருக்கிறது. ஒவ்வொன்றும் கப்பில் ஒரு குழி விழுத்தும்.

பி.எஸ்.ஏ. துப்பாக்கிக் கொம்பனி என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1861இல் பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலாளிகள் கூடித் தொடங்கியது. சைக்கிளின் நெற்றிப் பட்டையில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னம் இப்போதும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு லீ என்பீல்ட் துப்பாக்கி செய்தவர்களில் இவர்களும் உண்டு. இராணுவம் கழித்து விற்ற அந்தக் காலத்துத் துப்பாக்கிகளை வெளிநாடுகளில் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே கரைச்சல் உண்டு. கறள் பிடிக்காமல் இருக்கத் தடிப்பாய்ப் பூசிய கிறீஸ் வருடக்கணக்கில் காய்ந்து குழலின் அடியில் படிந்திருக்கும். சுட்டதும் வெறும் தோட்டாக் கோது அதில் ஒட்டும், குழலின் பின்பக்கத்தை மூடுகிற போல்ட் திறக்காது. அங்கேயும் போல்ட் பிடியில் சுத்தியலால் அடிக்கிறவன் இருக்கிறான். காய்ந்த கிறீஸைக் கரைத்துத் துடைத்து எடுத்தால் பல துப்பாக்கிகளில் நோய் தீர்ந்துவிடும். எந்த ஊரிலும் பழைய இரும்பு இறுகினால் முதல் அடி, பிறகுதான் காரணம் தேடுவது.

வீட்டில் மூன்று இரவு பின்னைச் சுற்றி மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து விட்டேன். காலையில் பார்த்தால் விளிம்பில் கறள் தேநீர் நிறத்தில் கசிந்திருந்தது. அப்போதே தெரிந்தது, உள்ளே இறங்கிவிட்டது. விரிந்த நுனியை அரத்தால் ராவி ராவி வட்டமாக்கினேன். ஒரு பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டை அளவாக அறுத்து நிலத்தில் நிறுத்தி, பின்னின் தலை குழாய் ஓட்டைக்குள் வரும்படி கிறாங்கை அதன் மேல் இருத்தினேன். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். பெரிய சுத்தியலால் ஒரே அடி. பின் குழாய்க்குள் விழுந்து 'கிணிங்' என்றது. ஒரே ஒரு அடி! இதற்காகவா கிறாங்கை வெட்டச் சொன்னார்கள்?

பிறகு அச்சைக் கழற்றினேன். அங்கேதான் நெஞ்சு கொதித்தது. இத்தனை வருடம் கண்ணாடி மாதிரி இருந்திருக்க வேண்டிய கப்பில், போல்ஸ் ஓடுகிற தடத்தில் வரிசையாகக் குழிகள். பழைய தேய்வு வேறு மாதிரி இருக்கும், வழவழப்பாக. இது புதுக்காயம், விளிம்பு நகத்தில் தட்டுகிறது. இடம்பெயர்விலும் உடையாததை ஒரு பின்னேரத்தில் உடைத்திருக்கிறார்கள்.

புதுப் பின்னுக்கு அலைந்தது இன்னொரு வதை. இதற்கு வேண்டியது 9.5 மில்லிமீற்றர். நான்கு கடையில் 9 மில்லிமீற்றரைத் தந்து "எல்லாம் ஒண்டுதான்" என்றார்கள். ஒன்றில்லை! மெல்லிய பின் தேவைக்கு மேல் உள்ளே போகும், நட்டு புரி முடிகிற இடத்தில் முட்டும், இறுகாது, அடுத்த மாதம் மறுபடி 'டக்'. கப் கேட்டால் ராலிக் கப்பைத் தூக்கித் தருகிறார்கள். ராலியில் அங்குலத்துக்கு 26 புரி, என்னுடையதில் 24. அதை வலிந்து ஏற்றினால் சைக்கிள் உடம்பின் புரியையே தின்றுவிடும். போதாக்குறைக்கு வலது பக்கக் கப் இடம்புரி என்பது கூடத் தெரியாமல், இறுக்குகிற பக்கம் சுற்றிக்கொண்டே "கழருதில்லை" என்கிறார்கள்.

சரியான பின் கடைசியில் மருதனார்மடத்தில் ஒரு வயதானவரின் தகரப் பேணிக்குள் கிடைத்தது. 'டக்' நின்றுவிட்டது. ஆனால் அப்பா பெடலைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரகரக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கப் இன்னும் கிடைக்கவில்லை. 24 புரி, இரண்டு பக்கமும் வேண்டும். உங்கள் வீட்டுக் கோடிக்குள் பழைய பி.எஸ்.ஏ. சைக்கிள் ஏதும் கிடந்தால் இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்காமல் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கோ. கழற்ற நானே வருகிறேன், குழாய்த் துண்டும் கொண்டு வருவேன்.