நான் யாருடைய உப்பைத் தின்றேன்?

வளைகுடா நாடுகளின் மன்னராட்சியைப் பற்றி நான் பேசிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் பேச்சின் முன்னும் பின்னும் வெட்டி, நாற்பது விநாடியை மட்டும் சுற்றவிட்டவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நான் பதில் சொல்ல வேண்டியது, கேள்வி நேரத்தில் எழுந்து நின்ற அந்தப் பெரியவருக்கு. "பதினான்கு வருடம் சவூதி நாட்டு உப்பைத் தின்றுவிட்டு இப்போது மன்னரைக் குறை பேசுகிறாயே தம்பி, உனக்கு நன்றி இருக்கிறதா?" என்று கேட்டார். என் வாப்பாவின் வயது அவருக்கு. சபையில் எதிர்த்துப் பேச நா எழவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

அவருக்கு இரண்டு வரிசை தள்ளி அமர்ந்திருந்த இன்னொருவரும் கைதட்டினார். அவருடைய காரணம் வேறு. இஸ்லாம் இருக்கும் இடத்தில் ஜனநாயகம் முளைக்காது, அரபு நாடுகளே சாட்சி என்பது அவர் வாதம். ஒருவர் மார்க்கத்தைக் காப்பதாக நினைத்து மன்னரைக் காக்கிறார். மற்றவர் மன்னரைக் காட்டி மார்க்கத்தை அடிக்கிறார். இருவருமே மன்னரையும் மார்க்கத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

நான் அன்று சொன்னது ஒன்றுதான். வெட்டப்பட்ட பகுதியில் அது இருந்தது, மறுபடி சொல்கிறேன்: அங்கே மார்க்கம் அரசனை ஆளவில்லை. அரசன்தான் மார்க்கத்தை ஆள்கிறான். அதற்கான செலவை எண்ணெய் ஏற்றுக்கொள்கிறது.

படித்துத் தெரிந்துகொண்டு இதை நான் சொல்லவில்லை. 2011 மார்ச்சில் நான் சவூதியின் கிழக்குக் கரையிலுள்ள தம்மாமில் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அரபு நாடுகளில் மக்கள் எழுச்சி. துனிசியாவில் அதிபர் பென் அலி ஓடிவிட்டார், எகிப்தில் அதிபர் முபாரக் பதவி விலகிவிட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் பஹ்ரைனில் முத்துச் சதுக்கம் போராடும் மக்களால் நிரம்பியிருந்தது. சவூதியிலும் மார்ச் 11, வெள்ளிக்கிழமை போராட்டம் என்று இணையத்தில் அழைப்பு வந்தது. அதற்குச் சில நாள் முன்பே மூத்த உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சபை அறிக்கை விட்டது: ஆர்ப்பாட்டம் மார்க்கத்துக்கு விரோதமானது. எங்கள் தெருப் பள்ளிவாசலில் ஜும்ஆ குத்பா, அதாவது வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், முழுவதும் ஆட்சியாளருக்குக் கட்டுப்படுவதைப் பற்றியே இருந்தது. ஃபித்னா, ஃபித்னா (குழப்பம், குழப்பம்) என்று இமாம் எத்தனை முறை சொன்னார் என்று எண்ண முடியவில்லை. தொழுதுவிட்டு வெளியே வந்தால் தெருமுனையில் போலீஸ் வாகனங்கள்.

அடுத்த வெள்ளி, மார்ச் 18, மன்னர் அப்துல்லாஹ் தொலைக்காட்சியில் சில நிமிடங்கள் பேசினார். பிறகு ஆணைகளை வாசித்தார்கள். அரசு ஊழியர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் கூடுதலாக. அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 3,000 ரியால். உள்துறையில் 60,000 புதிய வேலைகள். 5 லட்சம் வீடுகள் கட்ட 25,000 கோடி ரியால். அதே பட்டியலில் மார்க்கக் காவல் அமைப்புக்கும் பள்ளிவாசல்களுக்கும் தனி ஒதுக்கீடு. உலமாக்களைப் பத்திரிகைகள் விமர்சிக்கக் கூடாது என்று ஓர் ஆணையும் உண்டு. பிப்ரவரியில் அறிவித்ததையும் சேர்த்தால் சுமார் 13,000 கோடி டாலர். ஒரு வெள்ளிக்கிழமை குத்பா, மறு வெள்ளிக்கிழமை பணம். இதைவிடத் தெளிவாக ஒரு அரசாங்கம் தன் இரண்டு கால்களையும் காட்ட முடியாது.

எங்கள் அலுவலக மந்தூப் (அரசு அலுவலக வேலைகளைக் கவனிப்பவர்) ஒரு சவூதி, நல்ல மனிதர். மறுநாள் அவர் முகமெல்லாம் மலர்ச்சி. அவர் அண்ணன் அரசு ஊழியர். "மக்ரமா! மன்னரின் மக்ரமா!" என்றார். மன்னர் மனமுவந்து தரும் கொடை என்று அதற்குப் பொருள். பத்திரிகைகளிலும் அதே சொல்தான். நான் விளங்காமல் கேட்டேன்: "எண்ணெய் உங்கள் மண்ணில்தானே இருக்கிறது? அப்படியென்றால் அது உங்கள் பணம் இல்லையா?" அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு சிரித்தார். என் கோப்பையில் கஹ்வா, அரபுக் காப்பி, ஊற்றினார். பதில் சொல்லவில்லை.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது என்று இன்றுவரை நினைக்கிறேன். வரி கட்டுகிறவன் கணக்குக் கேட்பான். கொடை வாங்குகிறவன் நன்றி சொல்வான். மண்ணுக்கு அடியில் இறைவன் வைத்ததை ஒரு குடும்பம் எடுத்து, அதில் ஒரு பங்கைக் கொடை என்று பெயரிட்டு மக்களுக்குத் தருகிறது. வாங்கியவன் கேள்வி கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுகிறான். பள்ளிவாசல் பிரசங்க மேடையான மிம்பரின் கணக்கில் பாவியும் ஆகிவிடுகிறான்.

எண்ணெய்க்கு முன்னால் கதை வேறு. குவைத்தில் முத்துக்குளிப்பு வணிகர்களின் பணத்தை நம்பித்தான் ஸபாஹ் குடும்பம் ஆண்டது. அதனால் 1938இல் வணிகர்கள் துணிந்து ஒரு சட்டசபையையே தேர்ந்தெடுத்தார்கள். ஆட்சியாளர் ஆறு மாதத்தில் அதைக் கலைத்தார். அதே 1938இல்தான் புர்கானில் எண்ணெய் பீறிட்டது. 1946இல் ஏற்றுமதி தொடங்கியபின் ஆட்சியாளர் வணிகர் வாசலில் நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சவூதியிலும் அப்படித்தான். ஹஜ் பயணிகளின் கட்டணத்தை எதிர்பார்த்திருந்த அரசு அது. 1933இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது முதல் தவணையாக 35,000 தங்கப் பவுன் வந்தது. 1938இல் தம்மாம் ஏழாம் எண் கிணறு பேசியது. எண்ணெய்ப் பணம் பெருகியபின் அரசர்களுக்கு வேறு யாருடைய கையையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மார்க்கம்? அதன் இடம் எங்கே என்று கேட்பீர்கள். 1744இல் திர்இய்யாவில் சவூதி அரச குடும்பத்தின் முன்னோர் முஹம்மத் இப்னு ஸவூதும் மார்க்க அறிஞர் முஹம்மத் இப்னு அப்துல் வஹ்ஹாபும் செய்துகொண்ட உடன்பாட்டில் வாள் ஒருவருக்கு, மார்க்கம் ஒருவருக்கு என்று பிரிந்தது உண்மைதான். ஆனால் வாளும் மார்க்கமும் மோதியபோதெல்லாம் யார் வென்றார் என்று பாருங்கள். இன்றைய சவூதியை நிறுவிய மன்னர் அப்துல் அஸீஸுக்கு நாடுகளை வென்றுகொடுத்த இக்வான் என்ற மார்க்கப் படையினர் அவருக்கே கட்டுப்பட மறுத்தார்கள். 1929இல் ஸபிலாவில் அவர்களை அவரே நசுக்கினார். 1979 நவம்பர் 20 அன்று அரச குடும்பத்தை எதிர்த்த ஜுஹைமான் என்பவரின் ஆயுதக் கூட்டம் மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரம் ஷரீபைக் கைப்பற்றியது. அரசுப் படை உள்ளே ஆயுதம் ஏந்த ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, தேவைப்பட்டது, வந்தது. 1990இல் அமெரிக்கப் படை அரபு மண்ணில் இறங்க ஃபத்வா தேவைப்பட்டது, அதுவும் வந்தது. அதே 1990 நவம்பரில் 47 பெண்கள் ரியாத் வீதிகளில் கார் ஓட்டினார்கள். பெண்கள் கார் ஓட்டுவது கூடாது என்று ஃபத்வா வந்தது. பெண்கள் கார் ஓட்டலாம் என்று 2017 செப்டம்பரில் மன்னர் சல்மான் ஆணையிட்டார். அந்த ஆணையிலேயே எழுதியிருந்தது: பெண்கள் ஓட்டுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை என்று மூத்த உலமாக்களில் பெரும்பான்மையினர் கருதுகிறார்கள். 27 வருடத்தில் குர்ஆன் மாறியதா? மன்னரின் தேவை மாறியது. அந்த உரிமைக்காகப் பேசிய பெண்களை, தடை நீங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, 2018 மே மாதம் கைது செய்தார்கள். தாங்கள் கேட்டதால் கிடைத்தது என்று அந்தப் பெண்கள் சொல்லிவிடக் கூடாது. அதுவும் மக்ரமாவாகவே இருக்க வேண்டும்.

எங்கள் தெரு இமாமையும் சொல்ல வேண்டும். இசை ஹராம் என்று மாதம் ஒரு குத்பாவாவது சொல்லுவார். 2018க்குள் இசைக் கச்சேரிகள் நடந்தன, திரையரங்குகள் திறந்தன. அவர் இசையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளம் அமைச்சகம் தருகிறது, குத்பாவில் எதைப் பேசலாம் என்பதும் அங்கிருந்தே வருகிறது. தொழுகை முடிந்து அவர் தலை குனிந்து செருப்பைத் தேடும்போது பார்ப்பதற்கே சங்கடமாக இருக்கும்.

மார்க்கத்தை வைத்து அரசனைத் தட்டிக்கேட்ட உலமாக்களும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் வேண்டும் என்று 2011இல் கையெழுத்திட்டவர்களில் சல்மான் அல்-அவ்தாவும் ஒருவர். 2017 செப்டம்பரில் சிறைக்குப் போனார். மார்க்கம் இரண்டு பக்கமும் பேசியது. ஒரு பக்கத்துக்குச் சம்பளம், மறுபக்கத்துக்குச் சிறை. இதைப் பார்த்தபின்னும் இஸ்லாம்தான் மன்னராட்சி என்று கைதட்டுகிறவருக்கு ஒன்று சொல்கிறேன். மன்னர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்தால் அதைப் பாழாக்கி, அதன் கண்ணியமானவர்களைச் சிறுமைப்படுத்துவார்கள் என்று சபா நாட்டு அரசி சொன்னதாகக் குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் வருகிறது. நபிகளாருக்குப் பின் ஆண்ட அபூபக்ரும் உமரும் மகனுக்குப் பட்டம் கட்டிவிட்டுப் போகவில்லை. பின்னால் வந்த ஆட்சியாளர் முஆவியா தன் மகன் யஸீதை முன்நிறுத்தியபோதுதான் அந்த வழக்கம் வந்தது. அதை எதிர்த்தவர்களும் முஸ்லிம்கள்தாம், கர்பலாவில் வீழ்ந்தவர்களும் முஸ்லிம்கள்தாம்.

"எண்ணெய் இல்லாத ஜோர்டானிலும் மொராக்கோவிலும் மன்னர்கள் இருக்கிறார்களே" என்று பின்னூட்டம் வரும், தெரியும். நியாயமான கேள்வி. இரு மன்னர்களும் நபிகளாரின் வழித்தோன்றல்கள் என்ற பெருமையில் நிற்கிறார்கள், மொராக்கோ மன்னருக்கு நம்பிக்கையாளர்களின் தலைவர் என்ற பட்டமே உண்டு. ஆனால் 2011இல் வளைகுடா நாடுகள் அவ்விருவருக்கும் 500 கோடி டாலர் உதவி அறிவித்தன. எண்ணெய் அங்கே ஊறவில்லை, எண்ணெய்ப் பணம் போய்ச் சேருகிறது. லிபியாவின் மன்னர் இத்ரீஸ் இதைவிடக் கடினமான கேள்வி. அவரிடம் ஸனூஸி என்ற மார்க்க அமைப்பின் தலைமையும் இருந்தது, எண்ணெயும் இருந்தது. 1969இல் இராணுவ அதிகாரிகள் எளிதாகக் கவிழ்த்தார்கள். வளைகுடாக் குடும்பங்கள் பாதுகாப்பு, உள்துறை என்று எல்லா முக்கிய நாற்காலியிலும் தங்கள் பிள்ளைகளையே உட்காரவைக்கின்றன. இத்ரீஸ் அப்படிச் செய்யவில்லை. ஆகவே குடும்பம் என்ற மூன்றாவது காலும் உண்டு, ஞாயிறன்று அதை நான் சொல்லாமல் விட்டது பிழைதான்.

"ஈரானைப் பற்றிப் பேசுவாயா?" என்கிறவர்களுக்கு: ஈரானில் மன்னர் இல்லை. வேறொரு நாள் பேசுவோம்.

"மக்கள் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார்கள், வரியே இல்லாத நாடு" என்பார்கள். அந்த நாடு இப்போது இல்லை. 2014இன் நடுவிலிருந்து எண்ணெய் விலை சரிந்தது. 2018 ஜனவரியில் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி வந்தது, 2020 ஜூலையில் அது 15 ஆனது. எண்ணெய்க் கை சுருங்கினால், கேள்வி கேட்கும் உரிமை விரிய வேண்டும் இல்லையா? அதற்குப் பதிலாகச் சிறைதான் நிரம்பியது. வளைகுடாவிலேயே துடிப்பான நாடாளுமன்றம் என்று பெயரெடுத்த குவைத் நாடாளுமன்றத்தையும் 2024 மே மாதம் அமீர் நான்கு ஆண்டு வரை நிறுத்திவைத்தார். மார்க்கப் பிடிப்புக்கும் இடம் குறைகிறது. 2022இல் சவூதி 'நிறுவக நாள்' என்று ஒன்றை அறிவித்தது, ஆண்டு 1727. திர்இய்யா உடன்பாட்டுக்குப் பதினேழு ஆண்டு முன்னால். அதாவது அரசு பிறந்த கதையிலிருந்து இப்னு அப்துல் வஹ்ஹாப் வெளியே போய்விட்டார். மார்க்கத்தைக் காக்கத்தான் மன்னர் என்று நம்பும் பெரியவருக்கு இந்தச் செய்தியை யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

மாமா, நீங்கள் உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த மண்ணை நான் வெறுக்கவில்லை. என் தங்கையின் திருமணம் அந்தச் சம்பளத்தில் நடந்தது. என் வாப்பாவின் கடைசி மருத்துவச் செலவும் அதில்தான். ஆனால் அது நான் வேலை செய்து வாங்கிய சம்பளம். வெள்ளி தவிர ஆறு நாளும் ஐம்பது பாகை வெயிலில் கிடங்கில் நின்று சரக்கு எண்ணி வாங்கினேன். யாரும் எனக்குக் கொடை தரவில்லை. 2017 ஜூலையில் குடும்பத்தோடு இருக்கும் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம் போட்டார்கள். தலைக்கு மாதம் 100 ரியால், 2020 வரை ஒவ்வோர் ஆண்டும் 100 கூடும் என்று. என் மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று தலை. முதல் ஆண்டு கட்டினேன். அடுத்த ஆண்டு இகாமா (குடியிருப்பு அனுமதி) புதுப்பிக்கப் போனபோது தொகை இரட்டிப்பாகியிருந்தது. அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டேன். விமான நிலையத்தில் என் சின்ன மகள், "வாப்பா, நாங்கள் ஏதாவது தப்புச் செய்தோமா?" என்று கேட்டாள். பிறகு ஓராண்டு தனியாக இருந்தேன். 2019இல் நானும் திரும்பிவிட்டேன். அந்த நாட்டின் குறைந்த எண்ணெய் வருமானத்தை ஈடுகட்டியதில் என் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. நான் அவர்கள் உப்பைத் தின்றது உண்மையென்றால், அவர்களும் என் உப்பைத் தின்றிருக்கிறார்கள்.

கட்டணம் கட்டிய ரசீதுகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நான்கு தெருதான். அஸர் தொழுதுவிட்டு ஒரு நாள் வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன். அந்தக் கேள்வி கேட்ட மகளே உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து தருவாள்.