‘70% தள்ளுபடி’ என்றால் 70% மிச்சமா?

“ஆண்டிலேயே குறைந்த விலை விழாக்கால விற்பனையில்தான், அப்போது வாங்காவிட்டால் நஷ்டம்” என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம்.

தள்ளுபடியை எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள் என்று பாருங்கள். கோடு போட்டு அடித்திருக்கும் அந்தப் பழைய விலைக்கு ஒருவர்கூட வாங்காமல் இருந்திருக்கலாம். 100-க்கு விற்றதை விற்பனைக்குச் சற்று முன் 150 ஆக்கி, பிறகு ‘மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி’ என்று போட்டால், நீங்கள் கொடுப்பது அதே 100தான். இதைத் தடுக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது: தள்ளுபடி அறிவித்தால், முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். எல்லா நாடுகளுக்கும் வர வேண்டிய விதி இது.

சரி, எல்லாமே ஏமாற்றா? இல்லை. புது மாடல் வருவதற்கு முன் பழைய சரக்கைத் தள்ள, டிவி, போன் போன்றவற்றின் விலையை உண்மையாகவே குறைப்பார்கள். ஆனால் மாடல் எண்ணை முழுதாகப் படியுங்கள். கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தாலும், தள்ளுபடி விற்பனைக்கென்றே வசதிகளைக் குறைத்துத் தயாரித்த வேறு டிவியாக இருக்கலாம். அப்புறம், விலை வரலாறு காட்டும் தளங்களில் கடந்த சில மாத விலையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.