குவாய் நதிப் பாலத்தில் நம் ஆட்கள் எங்கே?

நேற்று ராத்திரி ஈரோட்டில் நண்பர் வீட்டில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' மறுபடியும் பார்த்தோம். டேவிட் லீன் 1957இல் எடுத்த படம், ஏழு ஆஸ்கார் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிடம் சிக்கிய பிரிட்டிஷ் சிப்பாய்கள், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போகும் ரயிலுக்காகப் பாலம் கட்டுகிற கதை. முடிந்ததும் நண்பர், "போர்க்கைதிகளைப் பத்தி இதுக்கு மேல ஒரு படம் எடுக்க முடியாதுங்க" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

படம் நல்ல படம்தான். அதிகாரிகள் கூலி வேலை செய்ய மாட்டார்கள் என்று அடம்பிடித்து, தகரக் கொட்டடியில் வெந்து, காலைத் தரையில் ஊன்ற முடியாமல் பிரிட்டிஷ் கர்னலாக அலெக் கின்னஸ் நடந்து வருவாரே, அந்த நடை ஒன்றுக்கே விமர்சகர்கள் அத்தனை கொண்டாடியது தகும்.

எதிர்ப்பும் வந்தது. அந்த ரயில் பாதையில் நிஜமாகவே கைதியாகக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொதித்துப் போனார்கள். அவர்களின் நிஜக் கர்னல் டூசி, படத்தில் வரும் கர்னலைப் போல எதிரிக்கு ஆசையாகப் பாலம் கட்டிக் கொடுத்தவர் இல்லை, வேலையை இழுத்தடித்தவர், மரச்சட்டங்களில் கரையானைக் கொண்டுவந்து விட்டவர்கள் அவருடைய ஆட்கள். ஜப்பான் பக்கம் வேறு குறை: எங்கள் இன்ஜினியர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது என்றா காட்டுகிறீர்கள்? இரண்டும் நியாயமான கோபம்தான். ஆனால் இரண்டுமே யாருடைய மானம் போனது என்கிற சண்டை. யாருடைய உயிர் போனது என்று கேட்டால் கணக்கே வேறு.

415 கிலோமீட்டர் பாதை, 1942இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். செத்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000க்கு மேல். செத்த ஆசியக் கூலிகள் சுமார் 90,000 பேர் என்பார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், அவர்களோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள். கைதிகளுக்காவது கூடவே அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், இவர்களுக்கு அதுவும் கிடையாது. 1943 மழையில் காலரா வந்தபோது கொத்துக் கொத்தாகப் போனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கல் இருக்கிறது, பெரும்பாலும் பெயரோடு. நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. படத்திலும் ஒரு தமிழ்க் கூலியைக்கூடப் பார்க்க முடியாது.

எங்கள் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெத்தவரின், அண்ணன் மலாயா போனவர். நாமக்கல் பக்கம் மானாவாரிக் காடு, மழை பொய்த்த வருசத்தில் கங்காணி கூட்டிப் போனான். 1941க்கு அப்புறம் கடுதாசி நின்றுபோனது. சண்டை முடிந்து திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "சயாம் ரயிலுக்குப் புடிச்சுட்டுப் போனாங்க ஆத்தா" என்றதோடு சரி, செத்ததை அவரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அம்மிச்சி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு பவானி கூடுதுறைக்குப் போகும். சின்ன வயதில் ஒரு தடவை நானும் கூடப் போனேன். ஐயர் பெயரைக் கேட்டதும் அம்மிச்சி முந்திக்கொண்டு சத்தமாகச் சொன்னது. எந்தத் திதியில் போனார் என்று கேட்டபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியது.

லீனை விடுங்கள், அவர் பிரிட்டிஷ்காரர், அவர் கதையைச் சொன்னார். படத்தைப் பிரித்து மேய்ந்த விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இது கண்ணில் பட்டது? என்னை அதிகம் வருத்துவது தமிழில் எழுதுகிற நாம்தான். கேமரா, சீழ்க்கையடித்தபடி வரும் அந்த அணிவகுப்பு, கிளைமாக்ஸ் வெடிப்பு என்று பக்கம் பக்கமாகச் சிலாகித்துவிட்டு, அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பது நம் வீட்டு ஆள் என்பதை ஒரு வரிகூட எழுதாமல் எப்படி முடிக்கிறோம்?

திருச்செங்கோடு, ராசிபுரம், சேலம் பக்கத்து உறவுகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டிலிருந்து மலாயா போய்த் திரும்பாதவர் இருந்தால், பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். திதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.