ஜூனில ஹிக்கடுவையா?

ஜூனில பொசன் போயா விடுமுறை வந்தா போதும், கொழும்பில எல்லாருக்கும் "ஹிக்கடுவைக்குப் போவம் மச்சான்"! ஏன்? அதிவேகப் பாதையில கெதியாப் போகலாமாம். ஆனா மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேரே அந்தத் தென்மேற்குக் கரையிலதான் மோதுது. பெரிய அலை, கலங்கின தண்ணி, சிவப்புக் கொடி. அறைக்குள்ள காட்ஸ் அடிக்கவா இவ்வளவு தூரம்? சிலர் கொடியையும் மீறி இறங்குறாங்க. ஆழத்துக்கு இழுக்கிற நீரோட்டத்தில மாட்டினா, கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தியே களைச்சுப் போறாங்க. கரைக்குச் சமாந்தரமா நீந்தித்தான் வெளிய வரணும் எண்டு யார் சொல்லிக் குடுக்கிறது? அதே ஜூனில கிழக்குக் கரையில இருக்கிற பாசிக்குடாவில இடுப்பளவு தண்ணியில எவ்வளவு தூரம் நடக்கலாம்! திருகோணமலைக்குப் பக்கத்தில நிலாவெளியும் அமைதியாக் கிடக்கு. கேட்டா, "ஆறு மணித்தியால ஓட்டம், ஏலாது." டிசம்பரில மட்டும் திருகோணமலைக்கு அடம்பிடிப்பாங்க, வடகீழ் மழை அங்க கொட்டுற நேரமாப் பார்த்து!