மாதத்துக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்கு

சிறையில் இருக்கும் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகக் கொடுக்க வேண்டும், தண்ணீரும் தடையில்லாமல் வர வேண்டும் என்கிறது பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றிய பாங்காக் விதிகளில் 5ஆவது விதி. ஐநா பொதுச்சபை இந்த விதிகளை ஏற்றது 2010 டிசம்பரில். நம் சிங்கப்பூரின் சாங்கி பெண்கள் சிறையோ வேறு நாட்டுச் சிறையோ, இந்தப் பேச்சு வந்தால் "இலவசமா?" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். எத்தனை, எப்போது, எப்படிக் கைக்கு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பேடை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். பகலுக்கு 4, இரவுக்கு நீளமாக 1 என்றாலே 5 நாளுக்கு 25. உதிரப்போக்கு அதிகம் உள்ளவருக்கு 7 நாள், நாளுக்கு 6 என்றால் 42. மாதத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் பத்து பேட் பாக்கெட் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். பிறகு ஒரே பேடை அரை நாள் வைத்திருக்க வேண்டியதுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் தொடையிடுக்கு வெந்து புண்ணாகிவிடும்.

நாள்காட்டி பார்த்து மாதம் ஒருமுறை கொடுப்பதும் தவறு. 24 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு வருடத்தில் 15 தடவை. வந்து சேர்வதோ 12 தடவைக்கு. பிள்ளை பெற்றவருக்கு ஆறு வாரம்கூட உதிரப்போக்கு இருக்கும்.

"கேட்டால் கொடுப்போம்" என்பதை நான் ஏற்கமாட்டேன். இரவு கதவு பூட்டிய பிறகு, எல்லார் காதிலும் விழும்படி எப்படிக் கேட்பது? இரண்டு அளவில் முன்கூட்டியே அறையில் வைத்துவிட்டு, குறையக் குறைய நிரப்புங்கள். பதுக்குவார்களாம்! நாளைக்குக் கிடைக்காது என்ற பயம்தானே பதுக்க வைக்கிறது.

உடல் சோதனையில் பேடைக் கழற்றச் சொன்னால், புதியது அப்போதே கையில் தயாராக இருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும் நாளில் உடன்வரும் பெண் அதிகாரியின் பையில் 4 பேடும் ஒரு மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். உள்ளாடை முக்கியம். எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல பேடும் நகர்ந்து கசியும்.

சுற்றிப் போடத் தாளும் மூடியுள்ள தொட்டியும் வேண்டும். இல்லாவிட்டால் கழிப்பறைக்குள் போகும். உள்ளிருக்கும் ஜெல் உப்பிக் குழாயை அடைத்ததும் பழி பெண்கள்மேல் விழும். பேடுக்குப் பதில் மாதவிடாய்க் கப் என்றால், அதைக் கொதிக்க வைக்க வசதியும் கழுவத் தனிமையும் வேண்டும். அது இல்லாத இடத்தில் அதைப் பரிந்துரைக்காதீர்கள்.

மணிக்கு ஒரு பேட் நனைந்து, அப்படியே சில மணி நேரம் தொடர்ந்தால், இன்னொரு பாக்கெட் நீட்டினால் போதாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விடுதலையாகும் நாளில் கொடுக்கும் பையிலும் ஒரு மாதத்துக்கானதை வையுங்கள். முதல் சம்பளம் வர நாளாகும்.