அந்த 48 சதவீதம் எல்லோருக்கும் இல்லை
காது மெஷின் மாட்டினால் டிமென்ஷியா (மறதி நோய்) வரும் வாய்ப்பு 48 சதவீதம், அதாவது ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது கொஞ்சம் அவசரம். அந்த 48 சதவீதக் கணக்கு, 2023-இல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வான ‘அச்சீவ்’ தந்தது. 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால், கருவி கொடுக்கப்பட்டவர்களுக்கும் வெறும் ஆரோக்கிய ஆலோசனை பெற்றவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஆபத்துகள் கூடுதலாக இருந்த 238 பேரிடம்தான் அந்த 48 சதவீதம் தெரிந்தது. அதுவும் சிந்தனைத் திறன் தேயும் வேகம் குறைந்தது என்றுதானே தவிர, நோய் வராது என்று அல்ல. சரி, அப்போ மெஷினே வேண்டாமா என்று அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டாயம் வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. என் மாமியாரிடம் ஞாபகசக்தி சோதனையில் மூன்று வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் அவர் காதில் விழவே இல்லை. ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். ‘மறதி ஆரம்பம்’ என்று எழுதிவிட்டார்கள். காது பரிசோதித்து, மெஷின் மாட்டி, நாலு மாதம் கழித்து அதே மாதிரி கேட்டபோது மூன்றையும் சொன்னார். இப்போது ஒரே தகராறு, மிக்ஸி ஓடும்போது கழற்றி வைப்பவர் அப்புறம் மாட்டுவதே இல்லை.