"பக்கம் நிறைய இருக்கணும் டீச்சர்"

போன ஜூலையில் நாலாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "நல்ல வெள்ளைப் பணியாரம் எப்படிப்பா இருக்கும்?"

காரைக்குடியைச் சுற்றியிருக்கிற ஊர்ப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக நிற்க முடியாது. "வெள்ளையா இருக்கணும், செவந்துரக் கூடாது." "ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சு மாதிரி." "எண்ணெய் குடிச்சிருக்கக் கூடாது டீச்சர், எங்க சித்தி சுட்டா கையெல்லாம் எண்ணெயாயிரும்." "காரச் சட்னி இல்லைன்னா அது பணியாரமே இல்ல." ஒரு பிள்ளை எழுந்து அளவையே சொன்னாள். ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதுக்கு மேலே உளுந்தைக் கோபுரமா வைக்கணுமாம். அப்பத்தா கணக்கு. பத்து நிமிஷத்தில் கரும்பலகை நிறைந்துவிட்டது.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். "சரி, நல்ல கட்டுரை எப்படி இருக்கும்?"

சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன், "பக்கம் நிறைய இருக்கணும் டீச்சர்." பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கையெழுத்து அழகா இருக்கணும். அடிச்சுத் திருத்தக் கூடாது. தலைப்புக்கு அடியில் ஸ்கெட்ச்சில் ரெண்டு கோடு போடணும்.

முடிந்தது. எழுதுவதில் என்ன இருக்கணும் என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். என் சிவப்பு மை விழுந்த இடமெல்லாம் ர, ற. ல, ள, ழ. ஒற்று மிகும் இடம். கடைசியில் ஒரு "நன்று", ஒரு கையெழுத்து, தேதி. பத்தொன்பது வருஷமாக நான் என்ன பார்க்கிறேனோ அதைத்தான் பிள்ளைகள் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பேரில் தப்பே இல்லை.

ஆசிரியர்களுக்கு இந்த இடத்தில் "ரூப்ரிக்ஸ்" என்ற சொல் ஞாபகம் வரும். பயிற்சி வகுப்புகளில் கேட்டுக் கேட்டுப் புளித்த சொல். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மார்க் போடுவதற்கு முன்னாலேயே, எதையெல்லாம் பார்க்கப் போகிறோம், ஒவ்வொன்றிலும் சுமார் எப்படி இருக்கும், நல்லது எப்படி இருக்கும் என்று கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொள்ளும் அட்டவணை. 2012-13இல் வருஷத்தை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்து, பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறிக்கு 40 மார்க், பருவக் கடைசியில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று ஆனபோதே இதற்கான தேவையும் வந்துவிட்டது. வளரறி என்றால் வளரும்போதே அறிவது, எவ்வளவு நல்ல பெயர்! நடந்தது என்னவென்றால், வளர்ந்தது கோப்புதான்.

என்னிடம் ஒரு பயிற்சியில் கொடுத்த தாள் இன்னும் இருக்கிறது. "கருத்துச் செறிவு, ஒழுங்கமைவு, மொழிநடை, பிழையின்மை." ஒவ்வொன்றுக்கும் நாலு படி. "பெரும்பாலும் ஒழுங்காக அமைந்துள்ளது" என்பதற்கும் "ஓரளவு ஒழுங்காக அமைந்துள்ளது" என்பதற்கும் வித்தியாசம் என்ன என்று அன்றைக்கே எழுந்து கேட்டேன். பயிற்சி நடத்திய கருத்தாளர் பாவம், டீ வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

எனக்கே விளங்காத அந்தத் தாளை ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதனால் பல பள்ளிகளில் ரூப்ரிக் ஆசிரியரின் பீரோவில் இருக்கிறது, பிள்ளையின் கையில் இல்லை.

அதற்காக அளவுகோலே வேண்டாம், அனுபவம் போதும் என்று சொல்கிற மூத்த ஆசிரியர்களோடும் நான் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் 1961இல் டீடெரிக் என்பவரும் கூட இருந்தவர்களும் ஒரு வேலை செய்தார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள், வியாபாரிகள் என்று பல தரப்பு. அளவுகோல் எதுவும் கொடுக்கவில்லை, ஒன்பது தரமாகப் பிரியுங்கள் என்றார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது தரத்தையும் வாங்கின. அதாவது ஒரே கட்டுரை ஒருத்தருக்கு முதல் தரம், இன்னொருத்தருக்குக் கடைசித் தரம். எங்கள் பள்ளியிலேயே ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நோட்டை மூன்று பேர் தனித்தனியே திருத்தினோம். பத்துக்கு நாலு, ஏழு, ஒன்பது. நாலு போட்டது நான்தான். (ஒன்பது போட்ட அக்காவிடம் காரணம் கேட்டேன். "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்றார்.)

சரி, கட்டத்தை எளிமையாக்கிச் சார்ட்டில் எழுதி மாட்டினால் போதுமா? மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. "விவரங்களுடன் எழுதவும்" என்று சுவரில் இருக்கும், அதற்குக் கீழே உட்கார்ந்து பிள்ளை எழுதும்: "எங்கள் ஊர் அழகான ஊர். எங்கள் ஊரில் கோயில் உள்ளது. குளம் உள்ளது. பள்ளி உள்ளது." விவரம் கொடுத்திருக்கேனே என்று அது நம்புகிறது. கோயில், குளம், பள்ளி, மூன்று விவரம்!

பணியாரத்தை இந்தப் பிள்ளைகள் அத்தனை துல்லியமாகச் சொன்னதற்குக் காரணம் எந்தச் சார்ட்டும் இல்லை. நல்லதும் சொதப்பலுமாக நூறு பணியாரம் தின்றிருக்கிறார்கள். கம்பன் திருநாள் மேடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர் காரைக்குடி. பேச்சாளர் அன்றைக்குத் தயார் செய்யாமல் வந்திருந்தால் மூணாவது வரிசை ஆச்சி வீட்டுக்குப் போகும் வழியிலேயே சொல்லிவிடுவார். அவருக்கு யாரும் ரூப்ரிக் கொடுத்ததில்லை, காது நிறைய மாதிரி இருக்கிறது. நம் பிள்ளைகளோ, இன்னொரு பிள்ளை எழுதிய கட்டுரையை வாழ்நாளில் வாசித்ததே இல்லை. நோட்ஸில் இருப்பதை வாசித்திருக்கிறார்கள், அது பிள்ளை எழுதியது இல்லையே.

ஆகவே மாதிரி கொடுத்தேன். இங்கேதான் நான் நன்றாக அடிபட்டேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு நல்ல கட்டுரையைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். "அதிகாலையில் சேவல் கூவியதும்" என்று ஆரம்பிக்கும். மறுவாரம் வந்த நோட்டுகளில் முக்கால்வாசியில் சேவல் கூவியது. பொங்கல் கட்டுரையில் கூவியது, சுற்றுலாக் கட்டுரையில் கூவியது. "நான் ஒரு மழைத்துளி"யிலும் கூவியது. ஒரே மாதிரியைக் காட்டினால் அது அச்சாகிவிடும். பேச்சுப் போட்டிக்கு டீச்சர் எழுதிக் கொடுப்பதைக் குருட்டு மனப்பாடம் செய்து கோப்பை வாங்கும் பழக்கம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதை நானே கட்டுரைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

இன்னொரு தப்பு அதைவிட மோசம். "இப்படி எழுதக் கூடாது" என்பதற்கு ஒரு பிள்ளையின் நோட்டிலிருந்தே நாலு வரியை எடுத்துப் பலகையில் எழுதினேன். பெயர் சொல்லவில்லை. பெயர் எதற்கு? எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பையன் அந்தப் பருவம் முழுக்க மூணு வரிக்கு மேலே எழுதவில்லை. இப்போது சுமாரான மாதிரிகளை நானே எழுதுகிறேன். வேண்டுமென்றே மோசமாக எழுதுவது ஒரு தனிக் கலை, முயன்று பாருங்கள்.

இப்போது செய்வது இதுதான். ஒரே தலைப்பில் மூன்று கட்டுரை தருவேன், எதிலும் பெயர் இருக்காது. ஒன்று வரிசையாகச் சொன்னது, ஆனால் சப்பென்று இருக்கும். ஒன்று பிழை நிறைய, ஆனால் வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வரும். ஒன்று இரண்டும் உள்ளது. இருவர் இருவராக உட்கார்ந்து எது பிடித்தது, எந்த வரியில் பிடித்தது என்று அடிக்கோடு போடணும். "நல்லா இருக்கு" என்றால் செல்லாது, வரியைக் காட்டணும். அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே பலகையில் எழுதுவேன். அதுதான் எங்கள் ரூப்ரிக். "கருத்துச் செறிவு" என்ற இடத்தில் "கண்ணுல தெரியுது" என்று இருக்கிறது. "ஒழுங்கமைவு" என்பது "தாவாமப் போகுது" ஆகிவிட்டது. எழுத்துப்பிழைக்கும் ஒரு வரிசை உண்டு, ஆனால் கடைசியில். அது முக்கியமில்லை என்பதால் அல்ல. அதை முதலில் வைத்தால், எழுதத் தெரியாத சொல்லைப் பிள்ளை எழுதவே எழுதாது. "வௌவால்" எழுதப் பயந்து "பறவை" என்று போட்டுவிடும்.

வரிசை நாலுக்கு மேலே போகக் கூடாது, ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசையைத்தான் பிடித்துக்கொள்ளணும் என்பது என் அனுபவம். நாலையும் ஒரே நாளில் கேட்டால் பிள்ளை எதையும் செய்யாது.

மாதிரியைக் காட்டிவிட்டு "இதுபோல எழுது" என்பதைவிட, அளவுகோலைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அவர்களையே மாதிரிகளை எடைபோட வைப்பதில் பலன் அதிகம் என்று ஹில்லாக்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1986லேயே பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார். தனியாக இலக்கணம் நடத்தி எழுத்து வளரும் என்ற நம்பிக்கைக்கு அந்தத் தொகுப்பில் ஆதரவே இல்லை. தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள மொழியில் ஒற்றெழுத்தைக் கவனிக்காமல் விட்டுவிட முடியாது. ஆனால் ஒற்றிலேயே நின்றுவிடவும் முடியாது.

ஒரு பையனின் கட்டுரையைச் சொன்னால்தான் நான் சொல்வது விளங்கும். அவன் அப்பா, தரையில் பதிக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார். "எங்கள் ஊர்த் தொழில்" என்ற தலைப்புக்கு முதலில் எழுதியது இது: "ஆத்தங்குடி கல் உலகப் புகழ் பெற்றது. அது மிகவும் அழகாக இருக்கும். பல வண்ணங்களில் கிடைக்கும். அனைவரும் வாங்குவோம், பயன்பெறுவோம்." கடைசி வரியைப் பாருங்கள். விளம்பரம் மாதிரி முடித்தால்தான் கட்டுரை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பக்கத்துப் பிள்ளை அவன் நோட்டை வாங்கி, சார்ட்டைப் பார்த்து, "கண்ணுல தெரியல" என்று பென்சிலால் எழுதினாள். கீழே ஒரு கேள்வியும் வைத்தாள். "உங்க அப்பா என்ன செய்வாரு?" நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதினான். மூன்றாவதில் இருந்து கொஞ்சம்:

"அப்பா மொதல்ல கண்ணாடிய தொடைப்பார். அதுமேல சட்டம் வைப்பார். அச்சு வச்சு கரண்டியால சாயம் ஊத்துவார். அச்ச எடுத்துட்டு மேல சிமெண்டு மணல் போடுவார். பூ கீழ பாத்துக்கிட்டு இருக்கும். அப்பாவுக்கு பூவோட மொகம் தெரியாது. காஞ்சு தண்ணியில கெடந்து கண்ணாடிய எடுத்தாதான் தெரியும். அப்பா கை எப்பவும் செவப்பா இருக்கும். சோறு திங்கும்போதும்."

பிழைகளை எண்ணிப்பாருங்கள், நானும் எண்ணினேன். இதே பட்டறைக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், வீடு கட்டும்போது கல்லும் அங்கேதான் எடுத்தேன். பூவின் முகம் போடுகிறவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த டீடெரிக் ஆய்வில் 53 பேரும் எதையெதைப் பார்த்தார்கள் என்று பிரித்துப் பார்த்தபோது ஐந்து விஷயங்கள் தேறின. கருத்து, அமைப்பு, சொல், பிழையின்மை. ஐந்தாவதுக்கு அவர்கள் வைத்த பெயரை வாசம் என்றோ ருசி என்றோ சொல்லலாம். எழுதினவனின் தனி ருசி. நான் எங்கள் சார்ட்டில் ஐந்தாவது வரிசையாக அதைச் சேர்க்கப் பார்த்தேன். ஒன்றாம் படி ருசி, இரண்டாம் படி ருசி என்று எழுத வரவில்லை. பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்த வரிசையில் ஒரு பணியாரப் படம் மட்டும் வரைந்து விட்டிருக்கிறார்கள், கட்டங்கள் காலி.

இதில் நடைமுறைச் சிக்கல் இல்லையா என்றால் நிறைய. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கிற பள்ளியில் ஒரு கட்டுரையை மூன்று முறை எழுத வைப்பது பெரிய வேலை. பாடம் முடியவில்லை என்ற கேள்வி வரும். என் வகுப்பில் இருபத்திரண்டு பேர்தான், அறுபது பேர் உள்ள வகுப்பில் இது எப்படி நடக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பெற்றோர்களும் சும்மா இருப்பதில்லை. "என்ன டீச்சர், மார்க்கே போடாம பென்சில்ல கேள்வி கேட்டு வச்சிருக்கீங்க" என்று ஒரு தகப்பனார் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திக் கேட்டார். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து பார்த்து 1988இல் வெளியிட்டதை அவரிடம் சொல்லத் தோன்றியது. குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் மேலே போனார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பலன் கிடைக்கவில்லை. மதிப்பெண் கண்ணில் பட்டதும் குறிப்பு மறைந்துவிடுகிறது போல. தேவகோட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, "அடுத்த வாரம் போடுறேன் சார்" என்று சொல்லி ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் மார்க் பதிவேட்டை முடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் தலைமையாசிரியர். இருபத்தொரு நோட்டுக்குப் போட்டுவிட்டேன். கல் பட்டறைக்காரர் மகன் நோட்டு மட்டும் மேசை மேலே இருக்கிறது. நம் பட்டியல்படி பார்த்தால் பிழையின்மையில் அவனுக்கு ஒன்றுதான் போடணும்.